வீதியோரத்து மஞ்சள் பெட்டியும் அதன் அனுமதிப்பத்திரமும்

எலுவன்குளம் என்றதும் வில்பத்துக் காட்டின் தென்மேற்கு வாயிலும், கலா ஓயாவும், மழைக்காலத்தில் நீருக்குள் மூழ்கிவிடும் சப்பாத்துப் பாலமுமே பலரின் நினைவுக்கு வரும். புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக அவ்வூர் வரை செல்லும் வீதியும், அதற்கப்பால் காட்டினூடாக மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய பாதையும் இப்பிரதேச மக்களின் நெடுங்கால எதிர்பார்ப்புகளோடு பின்னிப் பிணைந்தவை. 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்களுக்கும், பள்ளேகண்டல் அந்தோனியார் ஆலயத்துக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்கும் அப்பாதையின் அருமை நன்கு தெரியும். வீதி எப்போது போடப்படும், எவ்வளவு அகலத்தில் போடப்படும், ஒப்பந்தம் யாருக்குக் கிடைத்தது என்பன நம் மத்தியில் ஓயாது பேசப்படும் விடயங்கள். ஆனால் வீதி வேலையுடன் கூடவே வரக்கூடிய ஒரு சிறு பெட்டியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதனைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம்.

வீதியொன்று நிலைத்து நிற்பதற்கு அதன் அடிமண்ணும் கிரவலும் போதிய அளவு இறுகியிருக்க வேண்டும். றோலர் எத்தனை தடவை ஓடியது என்பதை வைத்து அதனைத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு படையும் போடப்பட்ட பின்னர் அதன் அடர்த்தியையும் ஈரப்பதனையும் அளந்து பார்த்தே அடுத்த படைக்கு அனுமதி வழங்கப்படுகின்றது. பழைய முறையில் இதற்காக ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, நிறை தெரிந்த மணலை அக்குழியில் கொட்டிக் கனவளவைக் கணித்து, மண்ணை அடுப்பில் உலர்த்தி மீண்டும் நிறுப்பார்கள். முடிவு தெரிய மறுநாளாகிவிடும். அதுவரை றோலரும் லொறியும் கூலியாட்களும் காத்திருக்க வேண்டும்.

இதே வேலையை ஒரு நிமிடத்தில் செய்து முடிப்பதற்காக உருவானதே கதிரியக்க அடர்த்திமானி. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ட்ரொக்ஸ்லர் நிறுவனத்தின் கருவிகள் இத்துறையில் உலகெங்கும் அறியப்பட்டவை. ஒரு பயணப்பெட்டி அளவு. 13, 14 கிலோ நிறை. மேலே நீண்டு நிற்கும் ஒரு கைபிடித் தண்டு. அத்தண்டின் நுனியில் பட்டாணிக் கடலையிலும் சிறிய உருக்கு உறைக்குள் சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் இருக்கின்றது. நிலத்தில் ஒரு துளையிட்டு அத்தண்டை 30 சென்ரிமீற்றர் ஆழம் வரை இறக்குவார்கள். சீசியத்திலிருந்து வரும் காமாக் கதிர்கள் மண்ணினூடாகப் பயணித்துக் கருவியின் மறுமுனையிலுள்ள உணரியை அடைகின்றன. மண் இறுகியிருந்தால் வந்து சேரும் கதிர்கள் குறைவு, தளர்ந்திருந்தால் அதிகம். இந்த எண்ணிக்கையே அடர்த்தியாகக் கணிக்கப்படுகின்றது. கருவியின் அடிப்பகுதியில் அமெரிசியம்-241 உம் பெரிலியமும் கலந்த இன்னொரு மூலம் உண்டு. அது நியூத்திரன்களை வெளியிடும். நீரிலுள்ள ஐதரசன் அணுக்களில் மோதும்போது நியூத்திரன்களின் வேகம் தணிகின்றது. வேகம் தணிந்தவற்றை எண்ணினால் மண்ணின் ஈரம் தெரிந்துவிடும். மிகவும் நுட்பமான, பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை.

வழமையான ஒரு கருவியில் சீசியம் சுமார் 0.3 கிகாபெக்கரல், அமெரிசியம் சுமார் 1.5 கிகாபெக்கரல் அளவில் இருக்கும். சீசியத்தின் அரைவாழ்வுக் காலம் 30 ஆண்டுகள். அமெரிசியத்தினுடையது 432 ஆண்டுகள். கருவியின் மின்சுற்றுகள் பழுதாகி, ஒப்பந்தகாரரின் நிறுவனம் மூடப்பட்டு, அவ்வீதியே பலமுறை பெயர்த்துப் போடப்பட்ட பின்னரும் அந்த உறைக்குள் இருப்பது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்துவது அவசியம். இக்கருவி குண்டு அன்று. அது வெடிக்காது, காற்றில் பரவி ஊரை அழிக்காது. தண்டு மேலே இழுக்கப்பட்டிருக்கும்போது சீசியம் உலோகக் கவசத்துக்குள் அடங்கிவிடுகின்றது. கொண்டுசெல்லும் பெட்டியிலிருந்து ஒரு மீற்றர் தொலைவில் நிற்பவருக்கு மணிக்குச் சில மைக்ரோசீவேட் அளவே கிடைக்கும். பொதுமக்களுக்கான வருடாந்த எல்லை ஒரு மில்லிசீவேட், அதாவது 1,000 மைக்ரோசீவேட் என்பதை நினைவிற் கொண்டால், வீதியால் நடந்து செல்பவர் அஞ்ச வேண்டிய காரணம் எதுவுமில்லை என்பது விளங்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலும், அருவக்காட்டில் கொழும்பின் குப்பையைக் கொட்டும் திட்டமும் இம்மாவட்ட மக்களை ஏற்கெனவே போதிய அளவு கலங்கச் செய்துள்ளன. அவற்றுடன் புதியதொரு பீதியையும் சேர்த்துவிடுவது எமது நோக்கமன்று.

கவசத்துக்கு வெளியே வந்த சீசியத்தின் கதை வேறு. மேற்கூறிய அளவுடைய மூலம் கவசமின்றிப் பத்துச் சென்ரிமீற்றர் தொலைவில் இருக்குமானால், ஒருவருக்கு ஆண்டு முழுவதற்குமான எல்லை அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் தோலும் தசையும் கருகும். அமெரிசிய உறை உடைந்து அதன் தூசு சுவாசத்துடன் உட்சென்றால் எலும்பிலும் ஈரலிலும் பல தசாப்தங்கள் தங்கிவிடும். ஆகவே ஆபத்து கருவியில் இல்லை; கருவி அதனை அறிந்தவரின் கையை விட்டு அறியாதவரின் கைக்குப் போவதிலேயே இருக்கின்றது.

அவ்வாறு கைமாறுவது அபூர்வமாக நிகழ்வது என்று எண்ணுவதற்கில்லை. ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 50 அடர்த்திமானிகள் திருடப்படுவதாக அந்நாட்டின் அணு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கணித்திருந்தது. திருடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை திறந்த வெளியில் நிறுத்தப்பட்டிருந்த வாகனங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. திருடனுக்கு வேண்டியது சீசியமன்று. பூட்டிய பெட்டிக்குள் விலையுயர்ந்த கருவி ஏதோ இருக்கின்றது என்ற நினைப்பே. இதன் விளைவாக 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கு ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. கருவி உரியவரின் நேரடிப் பார்வையில் இல்லாத எந்த வேளையிலும் ஒன்றையொன்று சாராத இரு பௌதிகத் தடைகளால் அது காக்கப்பட வேண்டும் என்பதே அவ்விதி. எளிமையாகச் சொன்னால் இரண்டு பூட்டு. பெட்டிக்கு ஒன்று, பெட்டியை வாகனத்துடன் பிணைக்கும் சங்கிலிக்கு ஒன்று. பெரும் தொழில்நுட்பம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. திருட்டுக்கு அடுத்ததாக அங்கு அடிக்கடி பதிவாகும் விபத்து இன்னும் சாதாரணமானது. கருவியை நிலத்தில் வைத்துவிட்டு இயக்குபவர் சற்று அப்பால் போக, பின்னால் வந்த றோலரோ லொறியோ அதன்மேல் ஏறிவிடுகின்றது.

சர்வதேச அணுசக்தி முகவரகம் 1993 முதல் திரட்டிவரும் தரவுகளில், காணாமற்போதல், திருட்டு, அனுமதியற்ற கைமாற்றம் எனப் பலவகையாக 4,000க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் திருட்டுகளை மாத்திரம் எடுத்துக்கொண்டால், பாதிக்கும் அதிகமானவை அனுமதி பெற்ற போக்குவரத்தின்போதே நிகழ்ந்தவை. அதாவது அனுமதிப்பத்திரம் இருந்தது, பெட்டிதான் இருக்கவில்லை.

2000ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தாய்லாந்தின் சமுத் பிரக்கானில் நிகழ்ந்தது நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய சம்பவம். அங்கு சிக்கியது வீதிக் கருவியன்று. மருத்துவமனையொன்றில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்ட, அதனைவிடப் பன்மடங்கு வலிமையான கோபாற்று-60 மூலம். எனினும் அது சென்ற வழி நமக்கு மிகவும் பழக்கமான வழி. பயன்பாட்டில் இல்லாத அந்தச் சாதனத்தை அதனை வைத்திருந்த நிறுவனம், அந்நாட்டு அணுசக்தி அதிகாரிகளுக்கு அறிவிக்காமல் பாதுகாப்பற்ற வாகனத் தரிப்பிடமொன்றுக்கு மாற்றியிருந்தது. அங்கிருந்து அதன் ஒரு பகுதி பழைய இரும்பு சேகரிப்போரின் கைக்குப் போயிற்று. அவர்கள் அதனைப் பழைய இரும்புக் கடையொன்றுக்குக் கொண்டுபோய் வெட்டிப் பிரித்தார்கள். வெட்டியவர்களுக்கு வாந்தியும் தலைவலியும் வந்தது; கைகள் பொசுங்கின. வைத்தியசாலைக்குச் சென்ற பின்னரே வைத்தியர்கள் சந்தேகம் கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தார்கள். பத்துப் பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு மூவர் மரணித்தார்கள். அந்த உலோகத்தில் கதிரியக்கச் சின்னம் இருந்தது. எச்சரிக்கை வாசகமும் இருந்தது. சின்னத்தின் பொருள் அவர்களுக்குத் தெரியவில்லை. வாசகம் அவர்கள் அறிந்த மொழியில் இருக்கவில்லை.

பத்து ஆண்டுகளின் பின் 2010 ஏப்ரலில் டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையிலும் ஏறத்தாழ இதே கதையே நடந்தேறியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பயன்படுத்தப்படாதிருந்த ஆய்வுச் சாதனமொன்று ஏலத்தில் விற்கப்பட்டு, உள்ளே கோபாற்று-60 இருப்பது அறியாமல் பிரிக்கப்பட்டது. தொழிலாளி ஒருவர் மரணித்தார். படித்தவர்கள் நிறைந்த நிறுவனத்திலிருந்தே அது வெளியேறியது என்பது நமக்கு ஒரு பாடம்.

செல்வந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2023 ஜனவரியில் மேற்கு அவுஸ்திரேலியாவின் நியூமன் நகரை அண்டிய சுரங்கமொன்றிலிருந்து பேர்த் நகருக்கு லொறியில் அனுப்பப்பட்ட அடர்த்திமானியிலிருந்து, 8 மில்லிமீற்றர் நீளமேயான சீசியம் உறை கழன்று எங்கோ விழுந்துவிட்டது. பயணத் தூரம் 1,400 கிலோமீற்றர். சரக்கு வந்து சேர்ந்து பல நாட்களின் பின் பெட்டியைத் திறந்தபோதே உறை இல்லை என்பது தெரிந்தது. அதன் வலிமை நாம் மேலே கூறிய வீதிக் கருவியின் சீசியத்தைப் போன்று ஏறக்குறைய 60 மடங்கு. உணர்கருவிகள் பொருத்திய வாகனம் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டே பெப்ரவரி முதலாம் திகதி அதனைக் கண்டுபிடித்தது. வீதியோரத்திலிருந்து இரண்டு மீற்றர் தொலைவில் அது கிடந்தது. இதற்கிடையில் வெளிப்பட்ட இன்னொரு தகவல் அந்நாட்டவரையே வெட்கப்பட வைத்தது. 1975ஆம் ஆண்டின் சட்டப்படி அத்தகைய தவறுக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 1,000 டொலர் மட்டுமே.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இலங்கை 1957ஆம் ஆண்டே சர்வதேச அணுசக்தி முகவரகத்தில் உறுப்பினரான நாடு. 1969ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அணுசக்தி அதிகார சபை அமைக்கப்பட்டது. 1999இல் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. ஆனால் அந்த ஏற்பாட்டில் அடிப்படையான குறையொன்று இருந்தது. கதிரியக்கத் தொழில்நுட்பத்தை நாட்டில் பரப்பும் பொறுப்பும், அதனைக் கண்காணித்துத் தடுக்கும் பொறுப்பும் ஒரே நிறுவனத்திடம் இருந்தன. கடைக்காரரே தராசுப் பரிசோதகராகவும் இருப்பதைப் போன்றதொரு நிலை அது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம் இதனைச் சீர்செய்தது. 2015 ஜனவரி முதல் ஊக்குவிப்பும் சேவைகளும் இலங்கை அணுசக்தி சபையிடமும், அனுமதிப்பத்திரமும் பரிசோதனையும் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையிடமும் பிரித்து ஒப்படைக்கப்பட்டன. வரவேற்கத்தக்க மாற்றம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இச்சட்டத்தின்படி பேரவையின் அனுமதியின்றிக் கதிரியக்க மூலமெதனையும் நாட்டுக்குள் கொண்டுவரவோ, வைத்திருக்கவோ, பயன்படுத்தவோ, பிறருக்குக் கைமாற்றவோ முடியாது. பேரவையின் பரிசோதகர்களுக்கு இடங்களுக்குள் நுழைந்து சோதிக்கும் அதிகாரம் உண்டு. இத்தகைய கருவிக்கான அனுமதிப்பத்திரம் என்பது வெறும் இறக்குமதிச் சீட்டு அன்று. பயிற்சி பெற்ற இயக்குநர் இருக்க வேண்டும். கதிர்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் பெயர் குறிப்பிடப்பட வேண்டும். பூட்டிய களஞ்சியம் வேண்டும். பணியாளர் தம் உடலில் படும் கதிரளவைப் பதியும் பட்டியை அணிய வேண்டும். உறையில் கசிவு உண்டா என்பது காலத்துக்குக் காலம் சோதிக்கப்பட வேண்டும். கருவி எப்போது எங்கே போயிற்று என்ற பதிவேடு வேண்டும். உலகெங்கும் ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் எதிர்பார்க்கும் நியமங்கள் இவை.

பேரவை உறுதியாக நடந்துகொள்ளவும் வல்லது என்பதற்கு 2021 ஏப்ரல் மாதம் சான்று. அணு எரிபொருள் தயாரிப்புக்கான யுரேனியம் ஹெக்சாபுளோரைட்டை ஏற்றிச் சீனாவுக்குச் சென்றுகொண்டிருந்த கப்பலொன்று, அச்சரக்கை முன்கூட்டி அறிவிக்காமல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்தபோது, அதனை உடனே வெளியேறுமாறு பேரவை பணித்தது. பெரிய கப்பலும் பெரிய பெயரும் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்தன. எலுவன்குளம் போன்றதோர் ஊரின் வீதியோரத்தில் வைக்கப்படும் 14 கிலோ பெட்டி எந்தப் பத்திரிகைக்கும் வருவதில்லை.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. சர்வதேச முகவரகம் கதிரியக்க மூலங்களை ஆபத்தின் வரிசையில் ஐந்து வகைகளாகப் பிரித்துள்ளது. வீதி அடர்த்திமானி நான்காம் வகை. ஆளுக்கு நிரந்தரத் தீங்கு விளைவிக்கும் சாத்தியம் குறைந்தது என்பதே அவ்வகைக்கான விளக்கம். 2003இல் ஏற்கப்பட்ட சர்வதேச நடத்தைக் கோவை முதல் மூன்று வகைகளையே தன் கரிசனைக்குள் எடுத்துக்கொள்கின்றது. தேசியப் பதிவேட்டில் முதலிரு வகைகளேனும் இருக்க வேண்டும் என்கின்றது. வரிசைப்படுத்தல் விஞ்ஞானபூர்வமாகச் சரியானதே. ஆனால் முதலாம் வகைச் சாதனம் சீமெந்துச் சுவர்களுக்குள் ஓரிடத்தில் இருக்கின்றது. நான்காம் வகைக் கருவியோ இன்று ஒரு வீதியில், நாளை இன்னொரு மாவட்டத்தில், இரவில் ஒப்பந்தகாரரின் தகரக் கொட்டகையில் என்று நாடு முழுதும் அலைகின்றது. வலிமையில் சிறியது, ஆனால் காணாமற்போவதற்கு மிகவும் வசதியானது. ஆகவே உலகம் கோரும் ஆகக்குறைந்த அளவோடு நாம் நின்றுவிடுவது போதாது என்பது எமது கருத்து.

அனுமதிப்பத்திரம் தொடக்கத்தை நன்கு காவல் செய்கின்றது. துறைமுகத்தில் சுங்கத் திணைக்களம் இருக்கின்றது, விண்ணப்பம் இருக்கின்றது, கட்டணம் இருக்கின்றது. சிக்கல் முடிவில்தான். வேலை முடிந்த பின்னர், அல்லது முடியாமலே நின்றுபோன பின்னர், கருவி எங்கே போகின்றது? 2022ஆம் ஆண்டு நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்ததைத் தொடர்ந்து, வெளிநாட்டுக் கடனில் நடந்த வீதி வேலைகள் பல இடைநடுவில் நின்றதை நாம் கண்டோம். மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கடவத்தை - மீரிகம பகுதி அவற்றுள் நன்கறியப்பட்ட ஒன்று. இத்தகைய காலத்தில் ஒப்பந்தகாரருக்குச் சம்பளம் கொடுக்கவே பணமிருக்காது. கதிர்ப் பாதுகாப்பு உத்தியோகத்தரும் காவலாளியும் வேலையை விட்டுப் போவார்கள். களஞ்சியத்தின் திறப்பு யாரிடமிருக்கின்றது என்பதே தெரியாமற் போகலாம். காணாமற்போன கருவி ஏதும் இந்நாட்டில் உண்டு என்று நாம் கூறவில்லை. ஆனால் வேலை நிறுத்தப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் உரிய கருவிகள் திருப்பி எண்ணப்பட்டனவா, வெளிநாட்டு நிறுவனம் கொண்டுவந்தது அந்நிறுவனத்துடனேயே திரும்பிச் சென்றதா, பழுதாகிப்போனவை எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பவற்றைப் பேரவை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடுமானால் மக்களின் நம்பிக்கை பெருகும். இரகசியம் பேண வேண்டிய களஞ்சிய முகவரிகளை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் சொன்னாலே போதுமானது.

இவ்விடத்தில் பழைய இரும்பு வியாபாரத்தைப் பற்றியும் பேச வேண்டியுள்ளது. புத்தளம், சிலாபம், கற்பிட்டி என எங்கும் முச்சக்கர வண்டியிலும் சைக்கிளிலும் வந்து போத்தலும் பத்திரிகையும் பழைய இரும்பும் சேகரிப்போர் நம்மவரே. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து நேர்மையாக உழைத்து வாழும் தொழில் அது. வீதி வேலை முடிந்து கொட்டகை பிரிக்கப்படும்போது முதலில் அங்கு வந்து நிற்பவர்களும் அவர்களே. பாரமான, ஈயமும் உருக்கும் கலந்த பெட்டியொன்று நல்ல விலைக்குப் போகும் சரக்காகவே அவர்கள் கண்ணுக்குத் தெரியும். அதன் மீதுள்ள மூன்று இதழ்ச் சின்னமோ காற்றாடி விசிறி போலத் தோன்றுமேயன்றி மரணத்தை நினைவூட்டுவதாக இல்லை. இக்குறையை உணர்ந்தே சர்வதேச முகவரகம் 11 நாடுகளில் 1,650 பேரிடம் சோதித்துப் பார்த்து, 2007ஆம் ஆண்டு புதியதொரு சின்னத்தை அறிமுகப்படுத்தியது. சிவப்பு முக்கோணத்தினுள் கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன். எழுத்தறியாதவருக்கும் விளங்கும். ஆனால் அச்சின்னம் முதல் மூன்று வகைகளுக்கே உரியது. நான்காம் வகைக்கு இன்னமும் அந்தப் பழைய விசிறிதான். கருவியின் பட்டயத்திலுள்ள வாசகமோ தயாரித்த நாட்டின் ஆங்கிலத்தில் இருக்கின்றது.

1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் இந்நாட்டில் தமிழ் நிருவாக மொழியும் ஆகும். பஸ் வண்டியின் பெயர்ப்பலகைக்காகவும் பொலிஸ் நிலையத்து முறைப்பாட்டுக்காகவும் மொழியுரிமை கேட்டு ஓய்ந்துபோன நாம், உயிருக்கு ஆபத்தான பொருளின் மீது ஒட்டப்படும் சீட்டைப் பற்றி இதுவரை கேட்டதில்லை. சமுத் பிரக்கானில் மூவர் மாண்டதற்கு அறியாத மொழியும் ஒரு காரணம் என்பதை மேலே கண்டோம். ஒவ்வொரு கருவிப் பெட்டியிலும் களஞ்சியக் கதவிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும், “கதிரியக்கப் பொருள். தொடாதீர், திறவாதீர். கண்டெடுத்தால் உடனே அறிவிக்கவும்” என்ற வாசகமும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும் என்பதை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே பேரவை சேர்க்கலாம். சட்டத்தைத் திருத்தத் தேவையில்லை. அச்சிடும் செலவு ஒரு மூடை சீமெந்தின் விலையைத் தாண்டாது.

ஒரு சிறு மூலம் உருக்காலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் என்னாகும் என்பதற்கும் அனுபவங்கள் உள. 1998 மே மாதம் ஸ்பெயினின் லோஸ் பாரியோஸ் உருக்காலையில் சீசியம் மூலமொன்று பழைய இரும்புடன் உருகிப் புகையாக வெளியேறியது. உயிரிழப்பு இல்லை; ஆனால் சுத்திகரிப்பும் நட்டமும் சேர்ந்து இரண்டரைக் கோடி டொலருக்கும் மேலாயிற்று. 2025இல் இந்தோனேசியாவின் சிக்கண்டே கைத்தொழிற் பேட்டையில் நடந்தது புத்தளம் மாவட்டத்தவர் உற்று நோக்க வேண்டியது. பழைய உலோகத்தை உருக்கிய ஆலையொன்றுடன் தொடர்புபட்ட சீசியம்-137 சுற்றாடலில் பரவி, அயலிலிருந்த இருபதுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் அதன் சுவடு காணப்பட்டது. அவற்றுள் ஒன்று இறால் பதனிடும் ஆலை. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இறாலில் கிலோவுக்கு 68 பெக்கரல் சீசியம் இருப்பதாக அந்நாட்டு உணவு அதிகாரிகள் அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவித்தார்கள். அவர்களே வகுத்துள்ள நடவடிக்கை எல்லை 1,200 பெக்கரல். அதாவது உண்டவருக்கு உடனடி ஆபத்து எதுவுமில்லாத அளவு. எனினும் சரக்குகள் திரும்பின. ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் விழுந்தன. அந்நாட்டு இறாலின் பெயர் கெட்டது. உடப்பிலும் முந்தலிலும் சிலாபத்திலும் இறால் பண்ணையை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோயினால் அழிந்த பண்ணையை மீட்டெடுக்கலாம். “கதிரியக்க இறால்” என்று ஒருமுறை பெயர் விழுந்தால் மீள்வதற்கு எத்தனை காலம் செல்லுமோ தெரியாது.

கருவியே வேண்டாம் என்பாரும் உண்டு. மின்சார முறையில் அடர்த்தியை அளக்கும் கருவிகளும், சிறு பாரமொன்றை விழச்செய்து மண்ணின் உறுதியை அறியும் கருவிகளும் இப்போது வந்துள்ளன. பல நாடுகள் சிறிது சிறிதாக அவற்றை நோக்கி நகர்கின்றன. கிராமப்புற வீதிகளுக்குப் பழைய மணல் முறையே தாராளமாகப் போதும். நமது நாட்டின் பெரும்பாலான பொறியியலாளர்கள் அதனை நன்கறிவர். கதிரியக்கக் கருவியின் வேகம் உண்மையில் தேவைப்படுவது, நாளொன்றுக்குப் பல நூறு மீற்றர் மண் நிரப்பப்படும் அதிவேக நெடுஞ்சாலைகளுக்கே. தேவையில்லாத இடத்துக்குக் கருவியை அனுப்பாமலிருப்பதும் ஒருவகைப் பாதுகாப்புத்தான்.

வீதி அபிவிருத்தி அதிகார சபையும் மாகாண வீதித் திணைக்களமும் கேள்விப்பத்திரத்தைத் தயாரிக்கும்போதே இரண்டு விடயங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று, கதிரியக்கக் கருவி பயன்படுத்தப்படுமானால் பேரவையின் அனுமதிப்பத்திரப் பிரதி பிரதேச செயலகத்துக்கும் உரிய பொலிஸ் நிலையத்துக்கும் வேலை தொடங்குமுன் கிடைக்க வேண்டும். மற்றையது, கருவி வேலைத்தளத்தை விட்டு வெளியேறியது என்ற எழுத்துமூல உறுதி இல்லாமல் இறுதிக் கொடுப்பனவு வழங்கப்படலாகாது. பணம் நிறுத்தப்படும் என்றால் பெட்டி தவறாமல் திரும்பி வரும். இதில் எமக்குச் சந்தேகமில்லை. வண்ணாத்திவில்லு பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி அமைப்புகள் தமது எல்லைக்குள் நடைபெறும் வேலைகளில் இதனைக் கேட்டுப் பெறுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

ஊர் மட்டத்தில் செய்யக்கூடியதும் உண்டு. பள்ளிவாசல் நிருவாக சபைகள் ஜும்ஆ தினத்தில் வாசிக்கும் அறிவித்தல்களுடனும், ஆலயங்களும் தேவாலயங்களும் தமது அறிவித்தல் பலகைகளிலும் இரண்டு நிமிடத்தில் இச்செய்தியைச் சொல்லிவிடலாம். மூன்று இதழ்ச் சின்னத்தின் படத்தைப் பழைய இரும்புக் கடைகளின் தராசுக்கு மேலே ஒட்டிவைக்கலாம். பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் அரைவாழ்வுக் காலத்தைக் கணக்காகப் படிக்கும் மாணவன், அச்சின்னத்தைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் படிக்கட்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. அத்தகைய பெட்டியையோ, இனந்தெரியாத பாரமான உலோக உருளையையோ கண்டால் தூக்கவோ, தட்டவோ, வெட்டவோ கூடாது. பிள்ளைகளையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்திப் பத்துப் பதினைந்து மீற்றராவது விலகி நிற்க வேண்டும். வேறு எவரும் எடுத்துச் செல்லாதபடி தூர நின்று கவனிக்க வேண்டும். ஏற்கெனவே கையால் தொட்டிருந்தால் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவி, வைத்தியரிடம் அதனை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொலிஸ் அவசர இலக்கம் 119. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.